பவுன்தாயி ஜீப்பும் சுருட்டி வச்ச ரோடும்

எங்க ஊரு நரிமூக்குக்கு ரோடு இல்லைன்னு எவனாவது உங்ககிட்ட சொன்னா நம்பாதீங்க, அவன் அரைகுறையா விசாரிச்சுட்டு வந்தவன். ரோடு இருக்கு. எங்க வீட்டுக் கொல்லையில ஒரு துண்டு தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன், பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டத்துல ஒண்ணு, சுருளிவேல் டீக்கடையில பெஞ்சுக்குப் பதிலா ஒண்ணு, இப்படி வீட்டுக்கு வீடு இருக்கு. அடிவாரத்துல இருந்து மலையைச் சுத்திச் சுத்தி ஏறி வந்த அத்தனை ரோடும் இன்னைக்கு ஊருக்குள்ள பாய் மாதிரி சுருண்டு கிடக்கு, யாரும் திருடல, யாரும் விக்கல, அவங்கவங்க பங்கு அவங்கவங்க வீட்டுல. கழட்டுனது எங்க பவுன்தாயியோட ஜீப்பு. எதுக்குக் கழட்டுனாங்கிறதைச் சொல்றேன், ஆனா நடுவுல குறுக்க பேசக்கூடாது, எனக்குக் கோவம் வந்துரும்.

எங்க மலையில ரோடுங்கிறது சர்க்கார் போட்டதில்ல, நாங்க போட்டது. ஆளு நடந்து நடந்து உண்டான ஒத்தையடிப் பாதையை வீட்டுக்கு ஒரு பங்குன்னு பிரிச்சு, கல்லைத் தலையில சுமந்து, பாறையை உடைச்சு, பள்ளத்தை அடைச்சு, பொம்பளைங்க இடுப்பு ஒடிஞ்சு போட்டது, சர்க்கார் பின்னால வந்து மேலாக்குல தாரை ஊத்திட்டுப் போனதோட சரி. மழை நின்னதும் அவங்கவங்க பங்கை அவங்கவங்க செம்மை பண்ணணும், தண்ணி அரிச்ச இடத்துல கல்லு அடுக்கணும், காய்ச்சலா கிடந்தாலும் ஆள் அனுப்பணும், அதுதான் வழக்கம். புதுசா வாக்கப்பட்டு வர்ற பொண்ணுக்கு மாமியாக்காரி அடுப்படியைக் காட்டுறதுக்கு முன்னாடி ரோட்டுல நம்ம பங்கு எதுன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டுவா. நானும் அப்படித்தான் பட்டுச்சேலையோட நடந்து போய்ப் பாத்தேன். எங்க வீட்டுப் பங்கு ஒரு வளைவு. பவுன்தாயி வீட்டுப் பங்கு நடுமலையில, கல்பாலத்துல இருந்து பலாமரம் வரைக்கும். சரியா அந்தப் பங்கு மேலதான் கமலநாதன் இரும்புக் கேட்டை நட்டான்.

கமலநாதன் கீழ்நாட்டுக்காரன். நடுமலையில ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏலத்தோட்டத்தை வாங்கி, மாடி வச்சு ஒரு பங்களாவைக் கட்டி, ரெண்டு பக்கமும் என் இடம்னா நடுவுல கிடக்குறதும் என் இடம்தானேன்னு ஒரு கணக்குப் போட்டான், விளங்காதவன். சிமெண்டுத் தூணு, இரும்புக் குழாய், பூட்டு. காலையில ஜீப்புங்க கூலிக்குப் பொம்பளைங்களை ஏத்திட்டு இறங்குற நேரம் திறப்பாங்க, சாயங்காலம் ஏறுற நேரம் திறப்பாங்க, மத்த நேரம் சாவி அவன் இடுப்புல. நாங்க போய்க் கேட்டதுக்கு வக்கீலைப் பாருங்கன்னான். வக்கீலைப் பாக்கப் போறதுக்கும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போகணும். சரி, ரெண்டு வேளை திறக்குறானே, போகட்டும்னு பொறுத்துப் போனோம், அந்தப் பொறுமையை நினைச்சா இன்னைக்கும் என் வயிறு எரியுது.

பவுன்தாயி என் வீட்டுக்காரரோட தங்கச்சி. அவ புருசன் மஞ்சக்காமாலையில போனப்ப அவளுக்கு மிச்சம்னு இருந்தது ரெண்டே ரெண்டு, மகள் வினோதினியும் அந்த மகளைவிட மூத்த ஒரு டீசல் ஜீப்பும். மறுமாசமே பவுனு சேலைக்கு மேல புருசன் சட்டையை மாட்டிக்கிட்டு ஸ்டீரிங்குல உக்காந்துட்டா. காலையில கூலிக்குப் போற எங்களை இறக்குவா, வர்றப்ப கேஸ் சிலிண்டர், ரேசன் அரிசி, கோழித்தீவனம் ஏத்துவா, கல்யாண மாப்பிள்ளையும் அதுலதான், பிரசவ வலியும் அதுலதான், ஆஸ்பத்திரியில இருந்து பொணம் வர்றதும் அதுலதான். ஒரு நாள் ஓடலைன்னா அன்னைக்கு ஊரு பட்டினி.

இங்க ஒரு விசயம் சொல்லணும், ஏன்னா இது நாங்களே எங்க தலையில அள்ளிப் போட்டுக்கிட்ட மண்ணு. அந்த ஜீப்பு நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குற வண்டி. ஆனா எங்க மலையில எந்த ஜீப்பை எடுத்தாலும் முன்சக்கரத்துக்கு இஞ்சின் பலம் போற ஷாப்டுத் தண்டைக் கழட்டிருவாங்க, டீசல் மிச்சமாகுதுன்னு. ரோடுதான் இருக்கே, பின்சக்கரம் தள்ளுனா போதாதா? கழட்டுன ஷாப்டு வீட்டு எரவாணத்துல சொருகிக் கிடக்கும், அதுல ஈரத்துணி காயும், வெங்காயக்கொத்து தொங்கும். பவுனு வீட்டுலயும் அப்படித்தான் தொங்குச்சு.

வினோதினி நர்ஸுக்குப் படிச்சுக்கிட்டிருந்தா. லீவுக்கு வந்த பிள்ளை மிளகுக்கொடிக்கிட்ட சருகை ஒதுக்குனப்ப விரியன் பாம்பு போட்டுருச்சு. உச்சிவெயில் நேரம். கட்டு இறுக்கிப் போடாதீங்க அத்தை, என்னை நடக்க விடாதீங்க, ஊசி இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போங்க, நேரம் இருக்குன்னு அவதான் எங்களுக்குத் தைரியம் சொன்னா. பின்னாடி சீட்டுல என் மடியில தலை வச்சுப் படுத்திருந்தா, பவுனு வண்டியை விட்ட விடுல வளைவெல்லாம் நிமிந்துச்சு. கேட்டு பூட்டியிருந்துச்சு. முதலாளி சாப்பிட்டுப் படுத்திருக்காரு, அவரா எந்திரிக்கிற வரைக்கும் எழுப்பக்கூடாதுன்னு உத்தரவுன்னான் கேட்டுக்குக் காவல் நின்ன வாச்சர். பவுனு ஹாரன்ல இருந்து கையை எடுக்கல. வாச்சர் பயந்து மாடிக்கு ஓடுனான், ஓடிப்போய்த் திரும்பி வந்து, இருக்கச் சொல்றாருன்னு சொன்னான். பவுனு வண்டியைப் பின்னால எடுத்து வந்து கேட்டுல முட்டுனா, பம்பர் வளைஞ்சது, தூணு அசையல. இறங்கி ஓடைக்குள்ள விட்டுச் சுத்திப் போயிரலாம்னு பாத்தா, பின்சக்கரம் மணலைத் தோண்டித் தோண்டிப் புதைஞ்சது, முன்சக்கரம் ரெண்டும் வேடிக்கை பாக்க வந்த ஆளு மாதிரி சும்மா நின்னுச்சு. அத்தை, தண்ணின்னு ஒரு தடவை கேட்டா, குடுத்தேன். ஒருவழியா கேட்டைத் திறந்து ஆளு வந்து வண்டியைத் தள்ளி ஏத்துறப்ப என் மடியில இருந்த சூடு இறங்கிருச்சு. அது இறங்குனது உலகத்துல யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும்.

பிள்ளை போனது ஒரு இடி. அதுக்குமேல ஒரு இடி, கமலநாதன் ஸ்டேஷன்ல சொன்னது. வண்டி வந்தப்பவே பொணமாத்தான் கொண்டு வந்தாங்க, நான் திறந்திருந்தாலும் திறக்காட்டியும் ஒண்ணுதான்னு சொல்லிட்டான். வாச்சர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆமான்னான். நான் என் மடியில நடந்ததைச் சொன்னேன், நீங்க உறவுக்காரங்க, அப்படித்தான் சொல்லுவீங்கன்னு மூடிட்டாங்க. பவுனு அங்க அழல. செத்துப்போன பிறகு கொண்டு வந்தேன்னு சொல்லிட்டாங்களே மதினின்னு மட்டும் கேட்டா, கேட்டுட்டு முகத்தைத் துடைச்சா, வீட்டுக்குப் போய் எரவாணத்துல இருந்த ஷாப்டை உருவுனா, வெங்காயம் தரையெல்லாம் ஓடுச்சு, எடுத்து ஜீப்புல போட்டுக்கிட்டு அடிவாரத்துல இருக்குற அமானுல்லா பாய் பட்டறைக்குப் போய் அவர் காலடியில போட்டா.

"பாய், இனிமே இந்த வண்டிக்கு ரோடே வேணாம். அப்படிப் பண்ணிக் குடுங்க."

பாய் வெத்தலையைத் துப்பிட்டு வண்டியைச் சுத்தி வந்தாரு. புதுசு மாட்டுறது அப்புறம், முதல்ல இருக்குறதை உருப்படியாக்கு, பிரேக்கு பிடிக்காத வண்டிக்குப் பலம் குடுத்தா அது உன்னையே கொல்லும்னாரு. அதுல இருந்து ஆரம்பிச்சது. காலையில எங்களை இறக்கிட்டுப் பட்டறைக்குப் போவா, சாயங்காலம் எங்களை ஏத்த வர்றதுக்குள்ள ஏதாவது ஒண்ணு கழண்டு, ஏதாவது ஒண்ணு ஏறியிருக்கும். ஒரு நாள் பிரேக்கு, ஒரு நாள் ஸ்டீரிங்கு ஆட்டம், ஒரு நாள் சேஸில துருப்பிடிச்ச இடத்தை அறுத்துட்டு இரும்புப் பட்டையை வச்சு வெல்டிங்கு, தேஞ்ச புஷ்ஷெல்லாம் மாத்தி, கருப்பா நாத்தமடிச்ச கியர் ஆயிலை வடிச்சு, முன்சக்கரத்து ஹப்பைப் பிரிச்சா உள்ள சேறு கல்லா இறுகிக் கிடந்துச்சு, அதைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவி, கிரீஸ் அடைச்சு, கடைசியில ஷாப்டை ஏத்துனாரு பாய். ஏத்துன அன்னைக்கு முன்சக்கரம் ரெண்டும் தானா சுத்துச்சு. அதைப் பாத்த பிறகுதான் பவுனு அழுதா, பட்டறை நடுவுல உக்காந்து, நாலு பேரு பாக்க, வாய்விட்டு அழுதா. அது ஒரு நாள்தான்.

அப்புறம் வண்டி வளர ஆரம்பிச்சது. பட்டை ஸ்பிரிங்குல கூடுதலா இரும்புப் பட்டை சேர்த்து வண்டியைத் தூக்குனாங்க, நாங்க ஏறுறதுக்குப் படி வேண்டியதாப் போச்சு. முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமா வெட்டுன டயர் வந்துச்சு, அது வந்ததுல ஸ்டீரிங்கு கனத்து பவுனு புஜம் ரெண்டும் ஆம்பளை புஜமா ஆச்சு. பாறை இடிக்காம இருக்க இஞ்சின் வயித்துக்கு இரும்புத் தகடு. தண்ணிக்குள்ள போனாலும் மூச்சு முட்டாம இருக்க, காத்து இழுக்குற குழாயைக் கூரை வரைக்கும் ஏத்திவிட்டாங்க, ஊருப் பிள்ளைங்க அதுக்குத் தும்பிக்கைன்னு பேரு வச்சுச்சு. ஒரு சக்கரம் அந்தரத்துல சுத்துனா இன்னொண்ணு சும்மா நிக்குமாமே, அப்படி நிக்காம ரெண்டையும் சேர்த்துப் பூட்டுற பூட்டு ஒண்ணு பின் அச்சுக்குள்ள போச்சு. கடைசியா விஞ்சு, வடத்தைச் சுத்தி இழுக்குற எந்திரம். அந்தக் காலத்துல மலைமேல இருந்து தேயிலைப் பெட்டியைக் கம்பியில இறக்குன எடத்துல துருப்பிடிச்சுக் கிடந்த உருளையையும் எஃகு வடத்தையும் பாய் தேடிப் புடிச்சு, செம்மை பண்ணி, முன் பம்பருக்குப் பதிலா மாட்டி, இஞ்சின் பலத்துல சுத்துற மாதிரி பண்ணிக் குடுத்தாரு. வினோதினி கல்யாணத்துக்குன்னு சேத்து வச்சதெல்லாம் அந்த ஜீப்புக்குள்ள போச்சு. போகட்டும், வேற எங்க போகணும் அது.

வண்டியைப் பாடுபடுத்துறவ அதைப் பாத்துக்கவும் வேணும், இல்லையா? பவுனு அதுக்கும் எங்க ரோட்டு வழக்கத்தையே வச்சா. வண்டியில ஏறுற ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒருத்திக்கு ரேடியேட்டர் தண்ணி, ஒருத்திக்கு முன்பக்கத்து கிரீஸ் முனை, ஒருத்திக்கு டயர்ல குத்துன முள்ளு, எனக்கு இடது பின்சக்கரத்து ஸ்பிரிங்கை அச்சோட கட்டுற யு போல்ட்டு. வேலை முடிஞ்சு வந்து இறங்குனதும் அவங்கவங்க பங்கைத் தொட்டுப் பாத்து, இளகியிருந்தா முறுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். ஸ்பானரை முந்தியில முடிஞ்சுக்கிட்டுக் கூலிக்குப் போன பொம்பளைங்க இந்த மலையில நாங்க மட்டும்தான்.

ஒரு நாள் காலையில கேட்டுக்கு முன்னாடியே பவுனு வண்டியை ரோட்டை விட்டு இறக்கி ஓடைக்குள்ள விட்டா. நாங்க குலதெய்வம் எல்லாத்தையும் கூப்பிட்டோம். ஜீப்பு பாறை மேல காலைத் தூக்கி வைக்குது, இறக்குது, ஒரு பக்கமா சாயுது, மூச்சு விட்டு நிக்குது, மறுபடியும் ஏறுது, வயிறு தண்ணியில, தும்பிக்கை வெளிய, ஏழெட்டு பொம்பளைங்க ஒருத்தி மேல ஒருத்தி விழுந்து கெட்ட வார்த்தையா பேசிக்கிட்டுப் போய்த் தோட்டத்துக்குக் கீழ ரோட்டுல ஏறிட்டோம். சாவியோட நின்ன வாச்சர் யாருக்குத் திறக்குறதுன்னு தெரியாம நின்னான். அன்னைக்கு சாயங்காலம் வர்றப்ப பவுனு கேட்டுக்கு முன்னாடி வண்டியை நிறுத்துனா. விஞ்சு வடத்தை இழுத்துட்டுப் போய்த் தூணுல சுத்தி மாட்டுனா. அந்தக் கேட்டைப் பிடுங்கணும், அவ்வளவுதான் அவ நினைச்சது, நாங்களும் அதைப் பாக்கத்தான் இறங்கி நின்னோம்.

வடம் முறுக்கேறுச்சு. தூணு அசையல. பவுனு இன்னும் கொஞ்சம் இழுத்தா. தூணு வரல, அது நட்டிருந்த ரோடு வந்துச்சு. சேலையில ஒரு இழை சிக்கி இழுத்தா மடிப்பு மடிப்பா கூட வருமே, அப்படி ஓரத்துல இருந்து மலையை விட்டுக் கிளம்பி, கல்லு, தாரு, மைல்கல்லு, கேட்டு, பூட்டு அத்தனையோட சுருண்டு சுருண்டு ஜீப்பு மூஞ்சிக்கு வந்து நின்னுச்சு. கல்பாலத்துல இருந்து பலாமரம் வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல ஒரு சாண் வரல, ஏன்னா அதுவரைக்கும்தான் அவ பங்கு. கீழ பழைய செம்மண்ணு தெரிஞ்சது. குழிகள் மட்டும் ரோட்டோட வரல, மண்ணுல அப்படியே கிடந்துச்சு. நாங்க நாலு பேரு ஒரு கை குடுத்து அதைத் தூக்கி ஜீப்புக் கூரையில வச்சுக் கட்டுனோம், நினைச்ச அளவு கனமில்ல. சாயங்காலச் சமையலுக்கு நேரமாச்சேன்னு வீட்டுக்கு வந்துட்டோம்.

ஊருல பெரிசா பேச்சு ஒண்ணும் எழும்பல. மறுநாள் என் வீட்டுக்காரரு, அந்தப் பிள்ளைக்கு நானும் தாய்மாமன், எங்க வளைவையும் எடுத்துக்கோன்னு பவுனுகிட்ட போய்ச் சொன்னாரு. கொண்டை ஊசி வளைவு சுருட்ட வராதுன்னு சிலபேரு சொன்னாங்க, வந்துச்சு, கொஞ்சம் கோணலா வந்துச்சு. அப்புறம் வீடு வீடா வந்து சொன்னாங்க. ஒவ்வொருத்தனுக்கும் அந்தக் கேட்டு முன்னாடி நின்ன ஒரு கதை இருந்துச்சு, பரீட்சைக்குப் போக முடியாத மகன், சந்தைக்குப் போய்ச் சேராம அழுகுன தக்காளி, அப்பன் முகத்தைப் பாக்க முடியாம போன தலைமகள். வீட்டுல எல்லாரும் கேட்டு, பங்குக்காரங்க வந்து நின்னு, சரி இழுன்னு வாயால சொன்னாத்தான் பவுனு வடத்தை மாட்டுவா, சொல்லாம இழுத்தா அது வராதுன்னும் தெரிஞ்சு போச்சு. சுருளிவேல் ஒருத்தன்தான் பங்களாவுக்குப் பால் ஊத்துறவனாச்சேன்னு பிடிவாதம் பிடிச்சான். அவன் பால் ஊத்தப் போயிருந்தப்ப அவன் பொண்டாட்டி வந்து நின்னு இழுன்னு சொல்லிட்டா.

ரோட்டை வீட்டுல வச்சுக்கிறதுல சில சங்கடம் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெயில் நாள்ல ஒட்டும், மழை நாள்ல தாரு வாடை சோத்துல ஏறும். ஆனா ஏலக்காயும் மிளகும் அது மேல போட்டா சீக்கிரம் காயுது. கோழிங்க அந்தச் சூட்டுக்கு அடைகாக்க அதைத்தான் தேடிப் போகுது. பொண்ணு பேச வந்தவங்க நகையோட சேத்து ஒரு வளைவும் போடுவீங்களான்னு கேட்க ஆரம்பிச்சாங்க, ஒரு கல்யாணம் வளைவு நேரா இருக்குதுன்னு நின்னும் போச்சு. மத்த ஜீப்புக்காரங்க எரவாணத்துல இருந்து ஷாப்டை இறக்கி வரிசையில பாய் பட்டறைக்குப் போனாங்க, ஓடையிலயே எல்லாரும் பழகிக்கிட்டோம், இடுப்பு வலி மட்டும் கூடிப்போச்சு. ரோட்டைக் காணோம்னு எவனோ எழுதிப்போட்டு ஒரு இஞ்சினியர் நடந்தே ஏறி வந்தாரு. காட்டுனோம். கொல்லையில விரிச்சு அகலத்தை அளந்தாரு, புரட்டிப் பாத்தாரு, ஒரு குழிகூட இல்லையேன்னு சந்தோசப்பட்டாரு, காப்பி குடிச்சாரு, ரோடு நல்ல நிலைமையில இருக்குதுன்னு எழுதிக்கிட்டு இறங்கிப் போனாரு.

பங்களாவுலதான் நிலைமை மோசம். தரையை ஒட்டிப் போற சப்பைக் காரு ரெண்டு, செம்மண்ணுல அடி தட்டி நிக்குது. பறிச்ச ஏலக்காய் மூட்டை மூட்டையா அடுக்கிக் கிடக்குது, தூக்க ஆளில்ல. அவன் பெரிய கம்பெனி வண்டி ஒண்ணைப் புதுசா வரவழைச்சான், பளபளன்னு, நாலு சக்கரமும் இழுக்குமாம், பொத்தானை அழுத்துனா போதுமாம். அது ஓடையில பாதி வந்து, மூக்கு வழியா தண்ணி குடிச்சு நின்னுருச்சு. எங்க மலையில மாட்டுன வண்டியை விட்டுட்டுப் போற வழக்கமில்ல, பவுனு வடத்தை மாட்டி இழுத்தா. அடிவாரத்துப் பக்கமா இழுத்தா, அங்கயே விட்டுட்டு வந்தா. பிறகு அவன் பணம் தர்றேன்னு ஆள் விட்டான், பவுனு எவ்வளவுன்னுகூட கேக்கல. போலீசுக்காரங்க வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்து ரோட்டைத் திருப்பிக் குடும்மான்னாங்க. குடுக்குறேன், என் மகளை உசுரோடதான் கொண்டு வந்தேன்னு அந்தாளு இந்த ஊருல வந்து நின்னு அவர் வாயால சொல்லட்டும்னா. அதை அவன்கிட்ட போய்ச் சொன்னதுக்கு, செத்தாலும் சொல்ல மாட்டேன்னானாம். சரி, அப்படியே சாகட்டும்னு நானும் சொன்னேன், இப்பவும் சொல்லுவேன்.

மழை வந்துச்சு, போச்சு. கமலநாதன் பொண்டாட்டி ரெண்டு பிள்ளைகளைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடைக்கரைக்கு வந்து நின்னா. பவுனு நிறுத்தி அவங்களை முன்சீட்டுல உக்கார வச்சு, அந்தச் சின்னது தலை இடிக்காம கையை வச்சுப் பிடிச்சுக்கிட்டே அடிவாரத்துல இறக்கிவிட்டா, கூலி வாங்கல. அப்புறம் வாச்சர் சாவியைத் திண்டு மேல வச்சுட்டு இறங்கிப் போயிட்டான். நடந்து போயிற வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. தோட்டத்தையும் பங்களாவையும் விட்டுட்டு வெறுங்கையோட நடக்க அவனுக்கு மனசு வராது. அதை மட்டும் பவுனு முதல்லயே தெரிஞ்சு வச்சிருந்தா.

ஒரு நாள் சாயங்காலம் நாங்க வேலை முடிஞ்சு வந்து இறங்கி, அவளவ பங்கைக் குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்கோம், டீக்கடை முன்னாடி கமலநாதன் நிக்கிறான். முழங்காலெல்லாம் சிராய்ப்பு, செருப்பு வார் அறுந்து கையில இருக்குது. காலையில கிளம்புனவன் அப்பத்தான் வந்து சேர்ந்திருக்கான். ஊரே கூடிருச்சு. யாரும் உக்காருன்னு சொல்லல.

"உசுரோடதான் வந்துச்சு," அப்படின்னான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் முதலாளி? நீங்கதான் படுத்திருந்தீங்களே," அப்படின்னு கேட்டா பவுனு. குரல்ல கோவம்கூட இல்ல, கூலி எவ்வளவுன்னு கேக்குற மாதிரி கேட்டா.

அவன் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான். "படுத்திருக்கல. மாடி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளைக்குத் திறந்தா தினமும் திறக்கச் சொல்லுவீங்கன்னு நின்னேன். பின்சீட்டுல இருந்து அந்தப் பொண்ணு என்னைப் பாத்துக் கையை ஆட்டுச்சு."

அந்தக் கையை இந்த உலகத்துல பாத்தது நான் ஒருத்திதான்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். பவுனு முன்னால பம்பரைக் கேட்டுல முட்டிக்கிட்டிருந்தப்ப, வினோதினி என் மடியில இருந்தபடியே மேல எங்கேயோ பாத்து, கையைத் தூக்கி, ரெண்டு தடவை ஆட்டுனா. கண்ணு மங்கி எதையோ விரட்டுறான்னுதான் நான் நினைச்சேன். பெத்தவகிட்ட அதை என்னன்னு சொல்லுவேன், அதனால யாருகிட்டயும் சொன்னதில்ல. பிள்ளை அவனைப் பாத்திருக்கு. ஒரு ஆளு நிக்கிறாரு, திறந்துருவாருன்னு நம்பி ஆட்டியிருக்கு.

பவுனு என் பக்கம் திரும்புனா. "ஆட்டுனாளா மதினி?"

"ஆட்டுனா," அப்படின்னேன்.

அவ ஜீப்புப் படியில உக்காந்துட்டா. கையில கிரீஸ், அதோடயே முகத்தை மூடிக்கிட்டா. அவன்தான் பேசுனான், நாசமாப் போறவன், சொல்லிட்டேன், ரோட்டைக் குடுத்துருன்னு.

பவுனு எந்திரிச்சா. "குடுக்குறேன். சொன்ன சொல்லு மாற மாட்டேன். என் பங்கு எதுவோ, அதை நாளைக்கே விரிச்சுத் தர்றேன். மத்தது என்னுது இல்ல. அவங்கவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கோங்க."

அவன் எங்க முகத்தை எல்லாம் பாத்தான். சுருளிவேல் கடைப் பலகையை எடுத்து அடைச்சான். ஒவ்வொருத்தரா வீட்டுக்குள்ள போனோம், கதவைச் சாத்துனோம். அவன் வீடு வீடா தட்டுனான். என் வீட்டையும் தட்டுனான். எங்க பங்கு மேல கோழி அடை படுத்திருக்கு, அதா எந்திரிக்கிற வரைக்கும் எழுப்பக்கூடாதுன்னு உள்ள இருந்தபடியே சொன்னேன். ஒரு வீட்டுலயும் குடுக்கல.

மறுநாள் பவுனு சொன்ன மாதிரியே கொண்டு போய் விரிச்சா. கல்பாலத்துல இருந்து பலாமரம் வரைக்கும், அவன் பங்களா வாசலை ஒட்டி, இருந்த இடத்துல இருந்த மாதிரியே கேட்டோட, பூட்டோட. குழியெல்லாம் அது அது இடத்துல வந்து பொருந்திக்கிச்சு. விரிச்சு முடிச்சதும் ஓரத்துக் கல்லு ரெண்டைச் செம்மை பண்ணி வச்சுட்டுத்தான் வந்தா, அவ பங்காச்சே.

இப்ப கமலநாதன் தினமும் காலையில காரை எடுக்குறான். அவனே இறங்கிப் பூட்டைத் திறக்குறான், கல்பாலம் வரைக்கும் ஓட்டுறான், அதோட ரோடு முடியுது, திருப்புறான், பலாமரம் வரைக்கும் வர்றான், அங்கயும் முடியுது. கீழ ஓடையில எங்க ஜீப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திட்டு ரோட்டு விளிம்புல வந்து நிக்கிறான். எங்க மலையில ஒருத்தர் கை காட்டுனா நிக்காம போற வண்டி கிடையாது, எதிரியானாலும் நின்னு கேப்போம். அவன் கையைத் தூக்கி ஆட்டுறான். பவுனு வண்டியை மெதுவாக்குறா. நாங்க எல்லாரும் தலையைத் தூக்கி, அவன் முகம் தெரியுற அளவுக்கு நல்லாப் பாக்குறோம். பாத்துக்கிட்டே இருக்கோம். பிறகு பவுனு கியரை மாத்துறா, போயிடுறோம்.